கெய்னைக் குறையுங்கள்: ஏசி/டிசி பற்றி வாசகர் கேள்விகள்

கேள்வி: ஏசி/டிசியில் ‘பேக் இன் பிளாக்’, ‘ஹைவே டு ஹெல்’ இரண்டைத் தவிர வேறெதுவும் கேட்டதில்லை. இவர்களுடைய மிகச் சிறந்த பாடல்கள் எவை? எந்த வரிசையில் கேட்கலாம்?
– கல்லூரி மாணவர், திருச்சி

வெளிவந்த ஆண்டு வரிசையிலேயே கேளுங்கள். 1973-ல் சிட்னியில் மால்கம் யங், ஆங்கஸ் யங் சகோதரர்கள் தொடங்கிய ராக் குழு இது. கிளாஸ்கோவிலிருந்து 1963-ல் ஆஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்த குடும்பம். அண்ணன் ஜார்ஜ் யங் ஏற்கெனவே ‘ஈஸிபீட்ஸ்’ குழுவில் பெயர் வாங்கியவர். அவரும் ஹேரி வாண்டாவும்தான் ஆரம்ப கால ஆல்பங்களைத் தயாரித்தார்கள்.

1975-ன் ‘இட்ஸ் எ லாங் வே டு த டாப்’பில் தொடங்கி, 1976-ன் ‘ரைட் ஆன்’, 1977-ன் ‘ஹோல் லாட்டா ரோஸி’ என்று வாருங்கள். அடுத்தது 1978-ன் ‘பவரேஜ்’ ஆல்பம். இதைப் பாடல் பாடலாகப் பொறுக்காமல் முழுசாகக் கேட்க வேண்டும். எங்கள் ஓட்டு இதற்குத்தான். பெரிய ஹிட் எதுவும் இல்லாததால் புதிதாக வருகிறவர்கள் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். ‘டவுன் பேமென்ட் ப்ளூஸ்’ ஆறு நிமிடப் பாட்டு. இரண்டு மூன்று கார்டை (சேர்ந்தொலிக்கும் சுரக் கூட்டை) வைத்துக்கொண்டே ஓடுகிறது, அலுப்பதில்லை. கடைசியில் சட்டென்று அடங்கி, மெதுவான ப்ளூஸாக (அமெரிக்கக் கறுப்பினத்தவரின் பழைய இசை வகை) முடிகிறது. ‘ரிஃப் ராஃப்’, ‘சின் சிட்டி’ இரண்டும் அதே ஆல்பத்தில் இருக்கின்றன.

அதற்குப் பிறகு 1979-ன் ‘ஹைவே டு ஹெல்’, 1980-ன் ‘பேக் இன் பிளாக்’. ‘பேக் இன் பிளாக்’ ஆல்பத்தில் தலைப்புப் பாடலோடு ‘ஹெல்ஸ் பெல்ஸ்’, ‘யூ ஷுக் மி ஆல் நைட் லாங்’ இரண்டும் கட்டாயம். எண்பதுகளின் நடுப்பகுதி ஆல்பங்களை இப்போதைக்கு விட்டுவிட்டு, 1990-ன் ‘தண்டர்ஸ்ட்ரக்’குக்குத் தாவலாம்.

ஒரு குழப்பத்துக்கும் தயாராக இருங்கள். ‘ஹை வோல்டேஜ்’ என்ற பெயரில் இரண்டு ஆல்பங்கள் உண்டு. 1975-ல் ஆஸ்திரேலியாவில் வந்தது ஒன்று. 1976-ல் மற்ற நாடுகளுக்கு வந்தது பெரும்பாலும் ‘டி.என்.டி.’ ஆல்பத்தின் பாடல்களைக் கொண்டது. ‘டர்ட்டி டீட்ஸ்’ 1976-லேயே வந்துவிட்டாலும் அமெரிக்காவில் 1981-ல்தான் வெளியானது. ஆஸ்திரேலியப் பதிப்பில் இருந்த ‘ஜெயில்பிரேக்’ வெளிநாட்டுப் பதிப்பில் இல்லை. செயலிகளில் ஆண்டும் பாடல் பட்டியலும் முன்னுக்குப் பின் முரணாகத் தெரிந்தால் காரணம் இதுதான்.

கேள்வி: இவர்களை ப்ளூஸ் வழி வந்தவர்கள் என்று எழுதுகிறார்கள். எனக்கு ஹார்ட் ராக் மட்டும்தான் கேட்கிறது. ப்ளூஸ் எங்கே இருக்கிறது?
– வாசகி, கோவை

முதல் ஆல்பமான ஆஸ்திரேலிய ‘ஹை வோல்டேஜ்’ஜின் முதல் பாடலே ‘பேபி ப்ளீஸ் டோன்ட் கோ’. பிக் ஜோ வில்லியம்ஸ் 1935-ல் பதிவு செய்த பழைய ப்ளூஸ் அது. அடுத்த ஆல்பத்தில் சக் பெரியின் ‘ஸ்கூல் டேஸ்’. வேர் எங்கே என்று அவர்களே முகவரி எழுதிக் கொடுத்ததைப் போல.

இன்னும் தெளிவாகக் கேட்க வேண்டுமானால் ‘த ஜாக்’. மெதுவான ஷஃபிள் தாளம், அடிப்படையில் 12 பார் ப்ளூஸ் (பன்னிரண்டு தாளக்கட்டில் சுழலும் வடிவம்). ஸ்டூடியோ வடிவத்தைவிட 1978-ன் ‘இஃப் யூ வான்ட் பிளட்’ மேடைப் பதிவில் கேளுங்கள். ‘நைட் ப்ரௌலர்’, ‘ரைட் ஆன்’ இரண்டிலும் ஒவ்வொரு அடியும் மும்மூன்றாகப் பிரிந்து நகர்வதைக் கவனியுங்கள். ஆங்கஸின் சோலோக்கள் பெரும்பாலும் மைனர் பென்டாடானிக் என்ற ஐந்து சுர வரிசை. நடுநடுவே மேஜர் மூன்றாம் சுரத்தைத் தொட்டுவிட்டு வருவார். அந்த இனிப்பும் கசப்பும்தான் ப்ளூஸ். அந்தக் காலப் பாடகர் பான் ஸ்காட் ஒரு வரி பாடி நிறுத்தினால் கிதார் பதில் சொல்லும். அதுவும் அங்கிருந்து வந்த பழக்கமே.

கேள்வி: ‘பேக் இன் பிளாக்’ ரிஃபின் (திரும்பத் திரும்ப வரும் கிதார் துணுக்கின்) கார்ட் எல்லாம் சரியாகப் பிடிக்கிறேன். டிஸ்டார்ஷன் பெடலையும் முழுசாகத் திருப்பி வைத்திருக்கிறேன். ஆனாலும் பதிவில் கேட்கிற கனம் வரவில்லை. என்ன தவறு?
– கிதார் கற்பவர், மதுரை

முழுசாகத் திருப்பியதுதான் தவறு. பெடலைக் கழற்றி வையுங்கள்.

ரிதம் கிதார் வாசித்த மால்கமின் சத்தம் பலரும் நினைப்பதைவிட மிகச் சுத்தமானது. பழைய கிரெட்ச் கிதார், ஒரே ஒரு பிக்கப் (ஸ்ட்ரிங்கின் அதிர்வைப் பிடிக்கும் காந்தம்), .012 அங்குலத்தில் தொடங்கும் தடித்த ஸ்ட்ரிங், மார்ஷல் ஆம்ப் (ஒலிபெருக்கி). கனம் வந்தது கையிலிருந்து. கெய்ன் (ஆம்புக்குள் நுழையும் சிக்னலின் பெருக்கம்) ஏற ஏற ஆம்ப் எல்லாவற்றையும் ஒரே மட்டத்துக்கு நசுக்கிவிடும். மெதுவாக அடித்தாலும் ஓங்கி அடித்தாலும் ஒரே சத்தம். இந்த ரிஃப் திறந்த கார்டில் (சில ஸ்ட்ரிங்கை அழுத்தாமல் ஒலிக்க விடும் கார்டில்) ஓடுகிறது. அதிக டிஸ்டார்ஷனில் ஏ கார்டின் மூன்றாம் சுரம் மற்றச் சுரங்களோடு மோதிக் கூழாகிவிடும். எல்லாவற்றையும்விட, இந்தப் பாட்டின் உயிர் அடிகளுக்கு நடுவே வரும் மௌனம். முழு கெய்னில் அந்த இடைவெளியை இரைச்சல் வந்து நிரப்பிவிடும்.

ஆம்பை இப்படி வையுங்கள்: கிரஞ்ச் சேனல், கெய்ன் பத்துக்கு 3 அல்லது 4, பேஸ் 4, மிட் 7, ட்ரெபிள் 6. ரிவெர்ப், டிலே இரண்டும் பூஜ்யம். பிரிட்ஜ் பிக்கப். டிஜிட்டல் ஆம்ப் என்றால் மார்ஷல் வகை மாடலைத் தேர்ந்தெடுங்கள், ‘மெட்டல்’ பக்கம் போகாதீர்கள். சத்தம் போதவில்லையென்றால் மாஸ்டரை ஏற்றுங்கள், கெய்னைத் தொடாதீர்கள். சரியாக இருக்கிறதா என்று பார்க்க எளிய சோதனை: மெதுவாக வருடினால் கிட்டத்தட்ட சுத்தமாக ஒலிக்க வேண்டும், ஓங்கி அடித்தால் மட்டும் உடைய வேண்டும். மெதுவாக வருடும்போதே கரகரத்தால் இன்னும் குறையுங்கள்.

இனி கை. ஈ கார்ட் ஒரு அடி, இடைவெளி, டி கார்ட் மூன்று அடி, இடைவெளி, ஏ கார்ட் மூன்று அடி. பிறகு ஈ மைனர் பென்டாடானிக்கில் இறங்கும் சின்னத் துணுக்கு. ஈ-க்கு 6, 5, 4-வது ஸ்ட்ரிங். டி-க்கு 4, 3, 2. ஏ-க்கு 5, 4, 3, 2. ஆறு ஸ்ட்ரிங்கையும் அள்ளி அடிக்க வேண்டாம். டி-யில் ஐந்தாவதும் ஆறாவதும் ஒலித்தால் ரிஃப் அழுக்காகிவிடும்.

பெரும்பாலானவர்கள் சறுக்குவது சத்தத்தை நிறுத்தும் இடத்தில். ‘பார்’ கார்டில் (ஒரு விரலை ஸ்ட்ரிங்குகள் மீது படுக்க வைத்துப் பிடிப்பது) இடது கையைத் தளர்த்தினால் சத்தம் நின்றுவிடும். திறந்த கார்டில் நிற்காது. விரலை எடுத்தாலும் திறந்த ஸ்ட்ரிங்குகள் தொடர்ந்து ஒலிக்கும். அதனால் இரண்டு கையும் வேண்டும்: வலது உள்ளங்கையின் அடிப்பகுதி பிரிட்ஜ் அருகே படிய, அதே நொடியில் இடது கை விரல்கள் படுத்த வாக்கில் எல்லா ஸ்ட்ரிங்கையும் லேசாகத் தொட வேண்டும். அழுத்தினால் புதிய சுரம் பிறந்துவிடும்.

மெட்ரோனோமை 60-ல் வைத்து, நிறுத்தத்தை மட்டும் பயிற்சி செய்யுங்கள். பாட்டின் வேகம் சுமார் 92. மெதுவான பாட்டுதான், ஆனால் எல்லோரும் இடைவெளியில் பொறுமை இழந்து முன்னால் ஓடிவிடுகிறார்கள். பாட்டு தொடங்குவதற்கு முன்னால் ஹை-ஹாட்டோடு சேர்ந்து கிதார் ‘சக் சக்’ என்று எண்ணுகிறதல்லவா, அந்த எண்ணிக்கை இடைவெளியிலும் உங்களுக்குள் ஓட வேண்டும்.

ஹெட்போனில் இடது பக்கம் மால்கம், வலது பக்கம் ஆங்கஸ். வலது காதைக் கழற்றிவிட்டு இடதை மட்டும் கேட்டு வாசியுங்கள். 2014-ல் மறதிநோயால் விலகிய மால்கம் 2017 நவம்பரில் காலமானார். அவர் இடத்தில் இப்போது அண்ணன் மகன் ஸ்டீவி யங் வாசிக்கிறார்.

ஒரு எச்சரிக்கை. மால்கமைப் பார்த்து .012 செட் வாங்கிப் போட்டுவிடாதீர்கள். நட்டின் (கிதார் தலைப்பக்கம் ஸ்ட்ரிங் தங்கும் துண்டின்) வெட்டு அதற்கு ஏற்றதாக இல்லாவிட்டால் ஸ்ட்ரிங் அதில் சிக்கி, ட்யூனிங் நிற்காது. இழுவிசை கூடி நெக்கும் முன்பக்கம் வளையும். நெக்கினுள் இருக்கும் ட்ரஸ் ராட் கம்பியைச் சரிசெய்ய ஆள் வேண்டியிருக்கும். .010–.046 தாராளமாகப் போதும்.

கேள்வி: ‘இட்ஸ் எ லாங் வே டு த டாப்’பைப் பதிவோடு சேர்ந்து வாசித்தால் என் கிதார் அரை சுரம் இறங்கி ஒலிக்கிறது. ட்யூனர் சரி என்கிறது. ஏன்?
– வாசகர், யாழ்ப்பாணம்

ட்யூனரும் சரி, உங்கள் காதும் சரி. அந்தப் பதிவு பி ஃப்ளாட்டில் இருக்கிறது. காரணம் பேக்பைப். ஸ்காட்லாந்து பேக்பைப்பின் ‘ஏ’ சுரம் உண்மையில் பி ஃப்ளாட்டை ஒட்டி ஒலிக்கும். கிதாரை மாற்றலாம், பைப்பை மாற்ற முடியாது. மேடையில் இதே பாட்டை ஏ-யில்தான் வாசித்தார்கள்.

முதல் ஃபிரெட்டில் கேப்போ (எல்லா ஸ்ட்ரிங்கையும் அழுத்தும் கிடுக்கி) போட்டு ஏ வடிவத்திலேயே வாசியுங்கள். ஸ்ட்ரிங்கை அரை சுரம் ஏற்ற வேண்டாம், பழைய ஸ்ட்ரிங்காக இருந்தால் முதலாவது அறுந்துவிடும். கேப்போவை ஃபிரெட்டை ஒட்டிப் போடுங்கள். நடுவில் போட்டால் சுரம் கூர்ந்துவிடும்.

பேக்பைப் வாசித்தவர் பாடகர் பான் ஸ்காட்தான். இளமையில் ஃப்ரீமேன்டில் பைப் குழுவில் அவர் வாசித்தது டிரம்ஸ். பைப்பை இந்தப் பாட்டுக்காகத்தான் கற்றுக்கொண்டார். 1976 பிப்ரவரி 23-ல் மெல்பர்னின் ஸ்வான்ஸ்டன் தெருவில் லாரி மேல் நின்று எடுத்த படத்துண்டைத் தேடிப் பாருங்கள். அவர் மறைவுக்குப் பிறகு வந்த பிரையன் ஜான்சன் மரியாதை காரணமாக இந்தப் பாட்டைப் பாடுவதில்லை.

கேள்வி: எங்கள் குழுவில் டிரம்ஸ் வாசிப்பவர் திறமைசாலி. ஆனால் ஏசி/டிசி பாட்டு மட்டும் எடுபடவில்லை.
– வாசகர், சென்னை

திறமையைக் கொஞ்சம் பூட்டி வைக்கச் சொல்லுங்கள். ஏசி/டிசி பதிவுகளில் டிரம்மர் ஃபில் ரட் வாசிப்பது பெரும்பாலும் ஒன்றிலும் மூன்றிலும் கிக், இரண்டிலும் நான்கிலும் ஸ்னேர், எட்டெட்டாக ஹை-ஹாட். ஹை-ஹாட்டை இறுக மூடாமல் லேசாகத் திறந்து வைக்க வேண்டும். இடையில் அலங்காரமாக உருட்டி வாசிக்க ஆசை வரும் இடத்தில் ஒரு கிராஷ் மட்டும் போதும். ஸ்னேர் ஒவ்வொன்றும் ஒரே பலத்தில் விழ வேண்டும். ‘கோஸ்ட் நோட்’ (காதில் விழுந்தும் விழாத மெல்லிய அடிகள்) தூவினால் கனம் போய்விடும். பேஸ் கிதார் வாசிப்பவரும் கிளிஃப் வில்லியம்ஸைப் போல, பிளெக்ட்ரமால் வேர்ச் சுரத்தை எட்டெட்டாக அடித்துக்கொண்டு கிக்கோடு ஒட்டியிருக்கட்டும்.

கேள்வி: ‘ஹெல்ஸ் பெல்ஸ்’ தொடக்கத்தில் வருவது நிஜ மணியா?
– வாசகர், சேலம்

நிஜ மணிதான். ஆல்பம் பஹாமாஸின் நஸாவில், காம்பஸ் பாயின்ட் ஸ்டூடியோவில் பதிவானது. மணி மட்டும் இங்கிலாந்தின் லஃப்பரோ ஊரில். அங்குள்ள மணிக்கூண்டின் பெரிய மணியை முதலில் பதிவு செய்து பார்த்தார் பொறியாளர் டோனி பிளாட். அடித்தவுடன் அதில் தங்கியிருந்த பறவைகள் படபடத்துப் பறந்த சத்தமும் பதிவாகிவிட்டது. பிறகு, மேடைக்காக ஜான் டெய்லர் வார்ப்படச் சாலையில் செய்துகொண்டிருந்த சுமார் ஒரு டன் மணியைப் பதிவு செய்தார்கள். டேப்பைப் பாதி வேகத்தில் ஓட்டியதால் ஒரு ஸ்தாயி இறங்கி, இன்னும் பெரிய மணியாகக் கேட்கிறது.

கேள்வி: பான் ஸ்காட்டா, பிரையன் ஜான்சனா?
– பலர், பல ஊர்கள்

வரிகளுக்கும் குறும்புக்கும் பான். தொண்டைக்குப் பிரையன். பான் இறந்தது 1980 பிப்ரவரி 19. ‘பேக் இன் பிளாக்’ வெளிவந்தது அதே ஆண்டு ஜூலை 25. ஐந்தே மாதத்தில் புதுப் பாடகரோடு அப்படியொரு ஆல்பம் போட்டதற்குப் பிறகு இந்தச் சண்டைக்கு அர்த்தமில்லை. ஆனாலும் ‘ரைட் ஆன்’ பாட்டைப் பிரையன் குரலில் எங்களால் கற்பனை செய்ய முடியவில்லை.

கேள்வி: ‘தண்டர்ஸ்ட்ரக்’ தொடக்கம் இடது கையால் தட்டி வாசிப்பதா, பிளெக்ட்ரமால் அடிப்பதா? பாதியில் கை இறுகிவிடுகிறது.
– கிதார் கற்பவர், ஈரோடு

ஸ்டூடியோ பதிவில் ஒவ்வொரு சுரத்தையும் பிளெக்ட்ரமால் அடித்திருக்கிறார் ஆங்கஸ். மேடையில் இடது கையை மட்டும் வைத்து வாசித்துக் காட்டுவதும் உண்டு. அது வேடிக்கைக்கு நல்லது, சுரம் மெலிந்துதான் ஒலிக்கும்.

முழுவதும் இரண்டாவது ஸ்ட்ரிங்கில்தான். 4-வது ஃபிரெட், திறந்த ஸ்ட்ரிங், 7-வது, திறந்தது என்று சுற்றி, பிறகு 5, திறந்தது, 8, திறந்தது. விரல் வைத்த சுரத்துக்குக் கீழ்நோக்கிய அடி, திறந்ததற்கு மேல்நோக்கிய அடி. இந்த ஒழுங்கு ஒருமுறை புரண்டால் பிறகு பிடிக்க முடியாது.

வேகம் சுமார் 134, ஒரு அடிக்கு நான்கு சுரம். அதாவது நொடிக்குக் கிட்டத்தட்ட ஒன்பது. கை இறுகுவதற்குக் காரணம் பெரும்பாலும் பிளெக்ட்ரம் ஆழமாக இறங்குவதுதான். முனையில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் மட்டும் ஸ்ட்ரிங்கைத் தொட்டால் போதும். முழங்கையிலிருந்து அடிக்காமல் மணிக்கட்டிலிருந்து அடியுங்கள். 70-ல் தொடங்கி ஐந்தைந்தாக ஏற்றுங்கள். இறுக்கம் தெரிந்த வேகத்திலிருந்து பத்து குறைத்து அங்கேயே சில நாள் இருங்கள். வலி வந்தால் நிறுத்திவிடுங்கள், பல்லைக் கடித்துக்கொண்டு வாசித்தால் தசைநாண் வீங்கும். மற்ற ஸ்ட்ரிங்குகள் முனகினால் இரண்டாவதை மட்டும் விட்டுவிட்டு மீதியை பிரிட்ஜ் அருகே மாஸ்கிங் டேப்பால் ஒட்டிப் பழகலாம். கெய்ன் இங்கேயும் 4-க்கு மேல் வேண்டாம்.