பங்கு கேட்க வந்தவர்

அன்புள்ள ஐயா,

மலேசியாவின் கெடா மாநிலத்துச் சுங்கை பட்டாணியிலிருந்து எழுதுகிறேன். என் தாத்தா 1937இல், தோட்டத்துக்கு ஆள் திரட்டும் கங்காணியோடு கப்பலேறி வந்து, இங்கே ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். கடைசி வரை சிவப்பு ஐ.சி.தான் (குடியுரிமை இல்லாத நிரந்தரவாசியின் அடையாள அட்டை). அவருடைய டிரங்குப் பெட்டியில் ஒரு பழைய கடித உறை கிடைத்தது. 'உடையார்பாளையம் தாலுகா, திருச்சி ஜில்லா' என்பதைப் படிக்க முடிகிறது. ஊர்ப்பெயரைக் கரையான் தின்றுவிட்டது. திருச்சி மாவட்ட வரைபடத்தில் அந்தத் தாலுகாவே இல்லை. டி.என்.ஏ. சோதனை செய்தால் சொந்தங்கள் கிடைப்பார்களா? அடுத்த வருடம் மனைவியோடு வர ஆசை.

(பெயர் வேண்டாம் என்கிறார்)

அன்புள்ள நண்பருக்கு,

தாலுகா அங்கேயேதான் இருக்கிறது, மாவட்டம்தான் மாறிவிட்டது. உடையார்பாளையம் இப்போது அரியலூர் மாவட்டம். அதிலிருந்து ஆண்டிமடமும் தனித் தாலுகாவாகப் பிரிந்துவிட்டது, இரண்டிலும் தேடுங்கள். கங்கைகொண்ட சோழபுரம் இருப்பதும் அந்தப் பக்கம்தான். கடாரம் கொண்ட ராஜேந்திரனின் தலைநகர்ப் பக்கத்திலிருந்து உங்கள் தாத்தா கடாரத்துக்கே, அதாவது இன்றைய கெடாவுக்கே போயிருக்கிறார், பால்வாளி தூக்க! அதுவும் கிட்டத்தட்ட கடைசி நேரத்தில். மறு வருடமே இந்திய அரசு மலாயாவுக்குக் கூலியாட்களை அனுப்புவதை நிறுத்திவிட்டது.

டி.என்.ஏ. வேண்டாம். இங்கே இருப்பவர்களும் எச்சில் கொடுத்திருந்தால்தானே பொருந்தும்? குலதெய்வத்தைப் பிடியுங்கள். பிள்ளைகளுக்கு மொட்டையடித்துக் காது குத்தியபோது எந்தச் சாமியை நினைத்துக் காசு முடிந்து வைத்தார்கள் என்று வயதான அத்தைகளிடம் கேளுங்கள். சாமி தெரிந்தால் கோயில் தெரியும். பங்காளிகள் யார் யார் என்பது பூசாரிக்குத் தெரியும். அப்புறம், கங்காணிகள் பெரும்பாலும் சொந்த ஊரிலும் சுற்று வட்டாரத்திலும்தான் ஆள் திரட்டினார்கள். கரையான் தின்ற பெயர் அதே லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) வளர்ந்த வேறு யாருக்காவது நினைவிருக்கும்.

இதெல்லாம் சுலபம். கண்டுபிடித்த பிறகு நடப்பதைத்தான் சொல்ல வேண்டும். நான் இந்தக் கரைக்காரன்.

என் தாத்தாவின் தம்பியும் மலாயாவுக்குப் போனவர்தான். 1942இல் ஜப்பான்காரன் அங்கே பிடித்ததும் கடிதம் நின்றது. சண்டை முடிந்தும் வரவில்லை. செத்திருப்பார் என்று கருமாதி செய்து, சின்னப் பாட்டிக்கு வெள்ளைப் புடவை கட்டிவிட்டார்கள். 1988இல் ஒருநாள் சஃபாரி சட்டை போட்ட ஒருவர் வாசலில் வந்து நின்று, "நான் அவர் மகன்" என்றார். முறைக்கு எனக்குச் சித்தப்பா. அவருடைய அப்பா இறந்தது 1979இலாம். திண்ணையில் இருந்தவர்கள் வாய்க்குள்ளேயே வருடங்களைக் கூட்டிக் கழித்தார்கள்.

காப்பி குடித்து முடித்ததும் அவர் வெள்ளந்தியாக, "அப்பாவோட வயல் எது?" என்று கேட்டார். வீடே அடங்கிப்போயிற்று. அந்த வயலை நாற்பது வருடமாக உழுதுகொண்டிருந்தது என் பெரியப்பா. அன்று இரவே பட்டாவும் பத்திரமும் மஞ்சள் பையில் பக்கத்து வீட்டுக்குப் போயின. பாவம், சித்தப்பாவுக்கு வரப்பில் நின்று ஒரு போட்டோ எடுக்கத்தான் ஆசை. அதனால் நிலத்தைப் பற்றி நீங்களாக வாய் திறக்காதீர்கள். அவர்கள் முகம் இறுகினால், பார்க்கத்தான் வந்தேன் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். நம்ப மாட்டார்கள். இரண்டாம் முறை வரும்போது நம்புவார்கள்.

சின்னப் பாட்டி அன்று முழுக்க அடுப்படியை விட்டு வரவில்லை. சாயந்திரம் அவரைக் கூப்பிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள். "மூக்குப்பொடியை விட்டாரா?"

"இல்லைம்மா."

"விடமாட்டார்" என்று சொல்லிவிட்டு விளக்கேற்றப் போய்விட்டாள்.

உங்கள் தாத்தாவுக்கும் இங்கே ஒரு குடும்பம் இருந்திருக்கலாம். அத்தைகளிடம் அதையும் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.

மாசி சிவராத்திரியை ஒட்டி வந்தால் நல்லது. அன்று குலதெய்வக் கோயிலில் கூடுகிற குடும்பங்கள் நிறைய, வீடு வீடாக அலைய வேண்டியிருக்காது. கோடாலித் தைலம் கூடுதலாகவே எடுத்து வாருங்கள். சித்தப்பா ஆறு பாட்டில்தான் கொண்டுவந்தார். ஏழாவது வீட்டுக்காரர் இன்றைக்கும் அதைச் சொல்லிக்காட்டுகிறார்.