மொட்டின் விளிம்பில் வரிசையாகப் பருக்கள்: பயப்பட வேண்டுமா?

கேள்வி: எனக்கு 25 வயது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லராக இருக்கிறேன். ஆணுறுப்பின் மொட்டு விளிம்பைச் சுற்றிப் பொடிப்பொடியாகப் பருக்கள் உள்ளன. வலியோ அரிப்போ இல்லை. இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு ஒரே ஒரு முறை ஆணுறை இல்லாமல் உறவு கொண்டேன். தை மாதம் கல்யாணம். மருந்துக் கடையில் மரு என்று சொன்னேன், கால் ஆணி மருந்து கொடுத்தார்கள். போடலாமா?

பதில்: போடாதீர்கள், தம்பி. மற்றதெல்லாம் அப்புறம்.

கால் ஆணி மருந்தில் இருப்பது சாலிசிலிக் அமிலம். பாதத்தின் தடித்த தோலைக் கரைப்பதற்கானது. உறுப்பின் தோலோ கண்ணிமைத் தோலைப்போல மெல்லியது. சென்ற ஆடியில் ஓர் இளைஞர் என்னிடம் வந்தார். வெற்றிலைச் சுண்ணாம்பைச் சோப்பில் குழைத்து மூன்று இரவுகள் தடவியிருந்தார். விளிம்பு முழுக்க வெந்து, உள்ளாடை புண்ணோடு ஒட்டிக்கொண்டு, காலை அகட்டி வைத்துத்தான் நடந்தார். புண்ணின் ஓரத்தில் தப்பியிருந்த நான்கைந்து பருக்களைப் பார்த்தேன். அவை நோயே அல்ல. அந்த வேதனை முழுவதும் வீண்.

உங்கள் வர்ணனையும் அதையே நினைவூட்டுகிறது. பனியன் விளிம்பில் ஓவர்லாக் அடித்தால் தையல் எப்படிச் சீராக ஓடும்? அதுபோல மொட்டின் விளிம்பைச் சுற்றி ஒன்று, இரண்டு வரிசையாக, ஏறத்தாழ ஒரே அளவில், ஒன்றிரண்டு மில்லிமீட்டர் உயரத்தில், தோல் நிறத்திலோ முத்துப்போல வெளுத்தோ நின்றால் அது உடம்பின் இயல்பான அமைப்பு. 'முத்துப் பருக்கள்' என்போம். பல ஆய்வுகளில் 14 முதல் 48 சதவீத ஆண்களுக்கு இவை இருப்பது தெரிந்திருக்கிறது. தொற்றாது, வயது ஏற ஏற மங்கும், சிகிச்சை தேவையில்லை. உறுப்பின் தண்டில் தோலை இழுத்தால் மட்டும் எடுப்பாகத் தெரியும் மஞ்சள் புள்ளிகளும் வெறும் எண்ணெய்ச் சுரப்பிகளே. பெண்களுக்கும் பிறப்புறுப்பு வாயிலின் இரு பக்கமும் சமச்சீராக, மென்மையான சிறு முளைகள் இருப்பதுண்டு. அதை மரு என்று தவறாக எண்ணிச் சுட்டுவிடுவதைப் பார்த்திருக்கிறேன். மனம் பொறுக்கவில்லை.

நோயால் வருவது இப்படி ஒழுங்காக நிற்காது. எச்.பி.வி. வைரஸால் வரும் பால்வினை மரு ஓரிடத்தில் முளைத்து, வாரக்கணக்கில் பெருகி, காலிஃபிளவர்போல ஒரே அடியிலிருந்து சொரசொரப்பாகக் கிளைக்கும். தொற்றிய பிறகு அது வெளிப்படப் பல மாதங்கள்கூட ஆகலாம். நடுவில் தொப்புள்போலக் குழி விழுந்த வழவழப்பான பரு, குழந்தைகளுக்கும் வரும் பாலுண்ணி. பெரியவர்களுக்கு இந்த இடத்தில் வந்தால் பெரும்பாலும் உறவின் வழி வந்தது. எரிச்சலோடு கொத்தாக நீர்க்கொப்புளம் வந்து உடைந்து புண்ணானால் ஹெர்ப்பிஸ். இரவில் அரிப்பு தூக்கத்தைக் கெடுத்து, விடுதி அறையில் கூட இருப்பவர்களும் சொறிந்தால் அது சிரங்கு. உறவில்லாமலேயே, ஒட்டி உறங்குவதாலும் பரவும். அறையில் உள்ள அத்தனை பேரும் ஒரே நாளில் மருந்து பூசினால்தான் தீரும்.

ஆனால் உங்கள் கடிதத்தில் என்னை யோசிக்கவைத்தது பரு அல்ல, அந்த ஒரு முறை உறவு. பரு இயல்பானதென்றே வைத்துக்கொள்வோம். அதனால் மட்டும் தொற்று இல்லை என்று ஆகிவிடாது. கிரந்தி என்று நம் பெரியவர்கள் சொல்லும் சிபிலிஸ் வலியில்லாத ஒற்றைப் புண்ணாக வரும். மூன்று முதல் ஆறு வாரங்களில் தானே ஆறும். ஆள் மறந்துவிடுவார், கிருமி ரத்தத்தில் இருக்கும். மனைவி கருவுற்றால் குழந்தையையும் பாதிக்கலாம். பென்சிலின் ஊசியால் குணமாகிவிடும் நோயை இவ்வளவு தூரம் விடக்கூடாது. எச்.ஐ.வி.யும் கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி-யும் தோலில் எதையும் காட்டாமல் இருக்கக்கூடியவை.

ஆகவே கல்யாணத்துக்கு முன் சிபிலிஸ், எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி மூன்றுக்கும் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். இரண்டு ஆண்டுகள் கடந்துவிட்டதால், அதன் பிறகு வேறு உறவு இல்லையென்றால், இப்போது வரும் முடிவை நம்பலாம். பஸ் ஸ்டாண்டுச் சுவரில் ஒட்டியிருக்கும் 'ரகசிய நோய்' நோட்டீஸைப் பார்த்து லாட்ஜ் அறைக்குப் போய்ச் சம்பளத்தைக் கொட்டாதீர்கள். திருப்பூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பால்வினை நோய்களுக்கென்றே சுகவாழ்வு மையமும், எச்.ஐ.வி. பரிசோதனைக்கு நம்பிக்கை மையமும் இருக்கின்றன. பரிசோதனை இலவசம், விவரம் வெளியே போகாது. முதலில் பேசிப் பார்க்க வேண்டுமென்றால் 1097 என்ற இலவச எண் இருக்கிறது.

நேரில் போகும்போது பருவையும் காட்டிவிடுங்கள். கண்ணால் பார்த்துச் சொல்ல மருத்துவருக்கு அரை நிமிடம் போதும். அதுவரை எதையும் தடவ வேண்டாம், கிள்ள வேண்டாம். ஓ.பி. சீட்டு வாங்கும் இடத்தில் சொல்லக் கூச்சமாக இருந்தால் "தோல் டாக்டரைப் பார்க்க வேண்டும்" என்று மட்டும் சொல்லுங்கள்.