டிங்கி ஒருமுறை வந்தால் மறுபடி வராதா?

கேள்வி: மூன்றாண்டுக்கு முன் எனக்கு டிங்கி வந்து போனது. இனிமேல் பயமில்லைதானே?
– வாசகி, செந்தூல், கோலாலம்பூர்

பதில்: பாதிதான் சரி. டிங்கி வைரஸில் 4 வகை. வந்துபோன வகை மறுபடி அண்டாது; மற்ற மூன்றுக்கும் அந்தக் காப்பு சில மாதங்களே. அதன்பின் பழைய எதிர்ப்பொருள் (முதல் தொற்றை எதிர்க்க உடல் உண்டாக்கிய புரதம்) புது வகையைப் பிடிக்கும், ஆனால் முடக்காது. பிடிபட்ட வைரஸை ரத்த வெள்ளணு விழுங்க, அதனுள்ளேயே வைரஸ் பெருகும். காவல்காரனே கதவைத் திறந்துவிட்ட கதை! அதனால் இரண்டாம் முறைதான் ஆபத்து அதிகம்.

காய்ச்சலுக்கு பாராசிட்டமால் மட்டும். ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன் ரத்தக்கசிவைக் கூட்டும். முதல் 5 நாளுக்குள் என்எஸ்1 (டிங்கி வைரஸின் புரதத்தைத் தேடும்) ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். இரண்டாம் தொற்றில் டிங்கி இருந்தும் அது 'இல்லை' என்று காட்டுவதுண்டு, அதனால் முன்பு வந்ததை டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். காய்ச்சல் இறங்கும் நேரம்தான் கவனம் தேவை: கடும் வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறில் ரத்தம் என்றால், பப்பாளி இலைச்சாறு அரைத்துக்கொண்டிருக்காமல் நேரே மருத்துவமனைக்குப் போங்கள்.