ஒரு வசனம் பேசாதே என்கிறது, அடுத்த வசனம் பேசு என்கிறது

மதிப்பிற்குரிய டாக்டர் அம்மாவுக்கு,

என் தம்பிக்கு 24 வயது. மனச்சிதைவு நோய் என்று அரசு மருத்துவமனையில் சொல்லி மாத்திரை கொடுத்தார்கள். அதில் நன்றாகத் தேறி, வேலைக்கும் போக ஆரம்பித்தான். ஈஸ்டர் முடிந்ததும், மாத்திரை சாப்பிடுவது அவிசுவாசம் என்று யாரோ சொல்ல, அம்மா நிறுத்திவிட்டார். இப்போது ஃபேன் ரெகுலேட்டருக்குள் இருந்து ஆட்கள் தன்னைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று அதன்மேல் டேப் ஒட்டி வைத்திருக்கிறான். ராத்திரி தூங்காமல் அதன் எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறான்.

நாங்கள் தினமும் வேதம் வாசிக்கிற குடும்பம். உபாகமம் 28:28-ல், கீழ்ப்படியாதவர்களைக் கர்த்தர் புத்திமயக்கத்தால் வாதிப்பார் என்று இருப்பதைக் காட்டி, 'நம் வீட்டில் ஏதோ சாபம்' என்று அம்மா அழுகிறார். பெருமையால் புத்தி பேதலித்த பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சாருக்குப் புத்தி திரும்பியது போல இவனும் மனந்திரும்பினால் சரியாகிவிடும் என்கிறார். நான் நீதிமொழிகள் 26-ஐ எடுத்துப் பார்த்தேன். 4-ஆம் வசனம் 'மூடனுக்கு அவன் மதியீனத்தின்படி மறுஉத்தரவு கொடாதே' என்கிறது. 5-ஆம் வசனம் அப்படியே திருப்பி, 'மறுஉத்தரவு கொடு' என்கிறது. தம்பி அந்தக் குரலைப் பற்றிக் கேட்கும்போது நான் பதில் பேசவா, வேண்டாமா? எனக்குத் தலை சுற்றுகிறது.

– ஒரு வாசகி, தூத்துக்குடி மாவட்டம்

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் மாத்திரை விஷயம். இந்த நோயில் மருந்தைத் திடீரென நிறுத்தினால் அறிகுறிகள் திரும்ப வருவது அடிக்கடி நடக்கிற ஒன்று. தம்பிக்கும் அதுதான் நடந்திருப்பதாகத் தெரிகிறது. வீட்டில் மிச்சமிருக்கும் மாத்திரையை நீங்களாகவே மறுபடி தொடங்காமல், பழைய சீட்டோடு அவனை அதே மருத்துவரிடம் இந்த வாரமே கூட்டிப் போங்கள்.

இனி நீதிமொழிகள். இந்த இரண்டு வசனங்களும் அந்தக் காலத்து யூத ஞானிகளையே திணற வைத்தவை. இப்படி முரண்படுகிறதே, புத்தகத்தையே ஒதுக்கி வைத்துவிடலாமா என்றுகூட அவர்கள் யோசித்ததாக, யூத ஞானிகளின் விளக்கங்களைத் தொகுத்த தல்மூதில் இருக்கிறது. கடைசியில், வேதக் காரியம் என்றால் பதில் சொல், உலகக் காரியம் என்றால் விட்டுவிடு என்று பிரித்துக்கொண்டார்கள். ஆளையும் சமயத்தையும் பார்த்துப் பேசு என்பதைத்தான் நானும் அதில் காண்கிறேன்.

ஆனால் அந்த வசனங்கள் உங்கள் தம்பியைப் பற்றியவையே அல்ல. நீதிமொழிகள் சொல்லும் மூடன் யார்? ஆலோசனையைத் தள்ளுகிறவன், தன் வழிதான் சரி என்று நிற்கிறவன், தன் மனதில் இருப்பதைக் கொட்டுவதிலேயே குறியாக இருக்கிறவன். அது ஒருவன் தெரிந்தே பிடித்துக்கொள்கிற குணம். தூக்கம் போய், பயந்து, சுவரையே பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு வந்திருப்பது நோய். 'மாத்திரை அவிசுவாசம்' என்று வீடு தேடி வந்து சொல்கிறவர்களிடம் எப்போது வாய் திறப்பது, எப்போது சும்மா இருப்பது என்று யோசிக்க வேண்டுமானால் அந்த இரண்டு வசனங்களும் உங்களுக்கு உதவும்.

அம்மாவின் பயம் எனக்குப் புரிகிறது. அவரைக் கடிந்துகொள்ளாதீர்கள். உபாகமம் 28 இஸ்ரவேல் ஜனம் முழுவதற்கும் சொல்லப்பட்ட எச்சரிக்கை. தனி ஒருவனின் நோய்க்குக் காரணம் கண்டுபிடிக்க எழுதப்பட்டதல்ல. நேபுகாத்நேச்சாருக்கு இன்ன காரணத்தால் இது வரும் என்று தீர்க்கதரிசி தானியேல் முன்கூட்டியே சொன்னார். 12 மாதம் கழித்துத்தான் அது நடந்தது. உங்கள் வீட்டுக்கு அப்படி ஒரு தானியேல் வந்து எதுவும் சொல்லவில்லையே! பிறவிக் குருடனைக் காட்டி 'யார் செய்த பாவம்' என்று சீஷர்கள் கேட்டபோது, இவன் செய்ததும் அல்ல, பெற்றவர்கள் செய்ததும் அல்ல என்று இயேசு சொன்னதை (யோவான் 9:3) அம்மாவோடு உட்கார்ந்து வாசியுங்கள். இயேசுவையே அவருடைய இனத்தார் மதிமயங்கியிருக்கிறார் என்று பிடித்துக்கொண்டு போக வந்தார்கள் (மாற்கு 3:21). அப்போஸ்தலன் பவுலைப் பார்த்து ரோம ஆளுநர் பெஸ்து பைத்தியம் என்றான். அந்தப் பெயரைக் கேட்டதாலேயே ஒருவன் தேவனுக்குத் தூரமாகிவிட்டான் என்று வேதம் எங்கே சொல்கிறது? பவுலோடு கூட இருந்த லூக்கா ஒரு வைத்தியர் என்பதையும் அம்மாவிடம் சொல்லுங்கள். ஜெபத்தை நிறுத்தச் சொல்லவில்லை. ஜெபம் செய்துவிட்டு, மருத்துவர் மறுபடி எழுதித் தரும் மாத்திரையைக் கையில் கொடுக்கட்டும்.

தம்பியிடம் எப்படிப் பேசுவது? 'அங்கே ஒன்றுமில்லை, பைத்தியம் மாதிரிப் பேசாதே' என்று வாதாட வேண்டாம். 'ஆமாம், எனக்கும் கேட்கிறது' என்று ஒத்து ஊதவும் வேண்டாம். 'எனக்குக் கேட்கவில்லைடா, ஆனால் உனக்குப் பயமாயிருக்கிறது என்று தெரிகிறது, நான் பக்கத்தில் இருக்கிறேன்' என்றால் போதும். டேப்பைப் பிய்த்து, ரெகுலேட்டரைத் திறந்து நிரூபிக்க முயலாதீர்கள். சாப்பிட்டானா, கொஞ்சமாவது படுத்தானா என்று மட்டும் பாருங்கள்.

ஜெபவீட்டில் விட்டுவிட்டு வரலாம் என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள்; அங்கே கட்டிப் போட்டுவிடுவார்களோ என்பதுதான் என் பயம். மனநோயாளியைச் சங்கிலியால் கட்டுவதை 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் எந்த இடத்திலும் அனுமதிப்பதில்லை. ராத்திரியில் தவிப்பாக இருந்தால் 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவித் தொலைபேசி) எண்ணுக்கு அழையுங்கள்; கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம். செத்துப் போ என்றோ யாரையாவது அடி என்றோ அந்தக் குரல்கள் சொல்வதாக அவன் சொன்னால், விடியும்வரை காத்திருக்காமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டு போங்கள். மருத்துவரைப் பார்க்கப் போகும்போது அம்மாவையும் அழைத்துப் போங்கள். சாபமா என்ற கேள்வியை அவரே மருத்துவரிடம் கேட்கட்டும்.