மூன்று மாத ஊசி போட்டபின் விடாமல் ரத்தம் படுகிறது, அடுத்த ஊசி போடலாமா?

கேட்டவர் தென்னாப்பிரிக்காவில், டர்பனில் சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறார். பிள்ளை பிறந்து 5 மாதம். கிளினிக்கில் மூன்று மாதக் கருத்தடை ஊசி போட்டார்கள். 5 வாரமாகத் திட்டுத் திட்டாகப் பட்டுக்கொண்டே இருக்கிறதாம், எடையும் 2 கிலோ ஏறிவிட்டதாம். ஊசியின் வேகத்தை முறிக்க மருந்து உண்டா, அடுத்ததைப் போடலாமா விட்டுவிடலாமா என்பது கேள்வி.

முறிக்க மருந்து கிடையாது. மாத்திரை என்றால் இன்றே நிறுத்தலாம், கையில் தோலுக்கடியில் வைத்த இம்பிளான்ட் (கருத்தடைக் குச்சி) என்றால் எடுத்துவிடலாம். ஊசியில் போன 150 மில்லிகிராம் மருந்து தசைக்குள் தங்கி, கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துகொண்டேதான் இருக்கும். அதனால் உங்கள் கையில் இருப்பது இரண்டுதான்: இப்போது படுவதைச் சமாளிப்பது, அடுத்த தேதி வருவதற்குள் முடிவெடுப்பது.

ரத்தம் ஏன் படுகிறது? இந்த ஊசியில் இருப்பது புரோஜெஸ்டின் என்ற ஹார்மோன் மட்டும், இன்னொரு பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் இல்லை. கர்ப்பப்பையின் உட்சுவர் மெலிந்துபோகிறது, அங்குள்ள நுண்ணிய ரத்தக் குழாய்கள் தளர்ந்து ஆங்காங்கே கசிகின்றன. முதல் 3 முதல் 6 மாதம் இது மிகச் சாதாரணம். ஒரு வருடம் தொடர்ந்து போட்டவர்களில் பாதிப்பேருக்கு மாதவிலக்கே நின்றுவிடும். படும்போது "கெட்ட ரத்தம் போகிறது, நல்லதுதான்" என்பார்கள். நின்றால் "உள்ளே கட்டிக்கொண்டது" என்பார்கள். வீட்டுப் பெரியவர்களின் இந்த இரண்டு பேச்சையும் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். உட்சுவர் வளராதபோது கட்டிக்கொள்ள அங்கே எதுவும் இல்லை.

முதலில் ஒரு கர்ப்பப் பரிசோதனை செய்துவிடுங்கள். ஊசி போட்ட நாளில் கர்ப்பம் இல்லை என்று உறுதி செய்யாமலே போட்டிருக்கலாம். உறவுக்குப் பின் மட்டும் ரத்தம் வருகிறது, வெள்ளைப்படுதல் நாறுகிறது, அடிவயிறு வலிக்கிறது என்றால் பழியை ஊசிமேல் போடாதீர்கள். கர்ப்பப்பை வாயைப் பார்க்கச் சொல்லுங்கள்.

அவை எதுவும் இல்லையென்றால் ஐபுப்ரோஃபென் என்ற வலிமாத்திரை உதவும். சாப்பிட்ட பிறகு, நாளைக்கு 3 வேளை, 5 நாள். வேளைக்கு 400 மில்லிகிராமா, 800-ஆ என்பதைக் கிளினிக் சிஸ்டர் சொல்லட்டும். குடல்புண், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், வலிமாத்திரை எடுத்தால் ஆஸ்துமா கிளம்புபவர்களும் தொடக்கூடாது. பால் கொடுக்கும்போது எடுக்கலாம். ஐந்து நாளில் நின்று, பத்தாம் நாள் மறுபடி தலைகாட்டினால் மருந்து வேலை செய்யவில்லை என்று அர்த்தமல்ல. அடித்தளத்தை அது மாற்றுவதில்லை, கசிவைத் தற்காலிகமாக அடைக்கிறது, அவ்வளவுதான்.

இன்னொரு வழி, சில வாரம் ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை கொடுப்பது. நீங்கள் பால் கொடுக்கிறீர்களா என்று எழுதவில்லை. கொடுத்தால், பிள்ளைக்கு 6 மாதம் ஆகும்வரை அந்த மாத்திரையைப் பொதுவாகத் தவிர்ப்பார்கள். கண்முன் மின்னல் வெட்டுவதுபோல் வந்து பிறகு ஒற்றைத் தலைவலி பிடிப்பவர்களுக்கும், 35 வயது தாண்டிப் புகைப்பவர்களுக்கும், ரத்த அழுத்தம் அதிகம் உள்ளவர்களுக்கும் அது கூடாது. அக்காவிடம் மிஞ்சிய அட்டையை வாங்கிப் போட்டுக்கொள்வது இங்கே நடக்கிற விஷயம்தான், செய்யாதீர்கள்.

ஒரு மணி நேரத்தில் ஒரு பேட் முழுக்க நனைந்து, அடுத்த மணி நேரமும் அப்படியே என்றால் காத்திருக்க வேண்டாம், ஆம்புலன்ஸுக்கு 10177-ஐ அழையுங்கள் அல்லது ஆஸ்பத்திரிக்குப் போங்கள். திட்டுத் திட்டாகப் படுவதானாலும் 5 வாரம் என்பது நீளம். விரல் குத்தி ஹீமோகுளோபின் பார்க்கச் சொல்லுங்கள். இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தால் டீயோடு விழுங்காதீர்கள், டீ இரும்பை உடம்பில் சேரவிடாது. கொய்யா, ஆரஞ்சு நல்லது.

எடை விஷயத்தில் ஊசி நிரபராதி இல்லை. சிலருக்குப் பசியைக் கிளப்பிவிடும். முதல் 6 மாதத்தில் உடல் எடையில் 5 சதவீதத்துக்கு மேல் ஏறியவர்களுக்கு மேலும் ஏறும் வாய்ப்பு அதிகம். 60 கிலோ ஆளுக்கு அது 3 கிலோ. நீங்கள் அந்தக் கோட்டை நெருங்குகிறீர்கள், அடுத்த முடிவில் இதைக் கணக்கில் எடுங்கள். தலைவலி, முகப்பரு, உறவில் ஆசை குறைவது இவையும் வரலாம். மனச்சோர்வு வந்தால் பிள்ளை பெற்ற களைப்பு என்று தள்ளிவிடாமல் சிஸ்டரிடம் சொல்லுங்கள்.

இப்போது தேதி. கிளினிக் கார்டை எடுத்து எந்த ஊசி என்று பாருங்கள். டெப்போ புரோவெரா அல்லது பெட்டோஜென் என்றால் 12 வாரம். நூர் இஸ்டரேட் என்றால் 8 வாரம்தான். ஒன்று ஸ்டாக் இல்லாதபோது மற்றதைப் போட்டுவிட்டால் பழைய கணக்கிலேயே போய் நிற்பீர்கள். "மூன்று மாதம்" என்று காலண்டரில் எண்ணாதீர்கள்: மார்ச் 3-இல் போட்டால் 12 வாரம் மே 26, ஜூன் 3 அல்ல. போட்ட கிழமையிலேயே அடுத்ததும் வரும், அதுதான் அடையாளம். டெப்போவுக்கு 4 வாரம், நூர் இஸ்டரேட்டுக்கு 2 வாரம் தாமதம் தாங்கும் என்பது உலக சுகாதார நிறுவனக் கணக்கு. அது அவசரத்துக்கு, வழக்கமாக்கிக்கொள்ள அல்ல. போட்ட இடத்தைத் தேய்க்கவும் கூடாது, மருந்து சீக்கிரம் கரைந்துவிடும்.

என் அபிப்பிராயம்: தொந்தரவு ரத்தம் மட்டும் என்றால் இன்னும் ஒரு ஊசி பார்க்கலாம், பலருக்கு இரண்டாவதுக்குப் பிறகு குறையும். எடையும் சேர்ந்து ஏறினால் மாற்றுங்கள். ஆனால் போகாமல் இருந்துவிடாதீர்கள், அப்படித்தான் பலர் எதிர்பாராமல் கர்ப்பமாகிறார்கள். கடைசி நாளுக்கு முன்பே கிளினிக்குக்குப் போய் "வேறு முறை வேண்டும்" என்று கேளுங்கள். அரசு கிளினிக்கில் காசு இல்லை. கர்ப்பப்பைக்குள் வைக்கும் காப்பர் லூப்பில் ஹார்மோனே கிடையாது, 10 வருடம் ஓடும். மாதவிலக்கு மட்டும் கனமாகவும் வலியோடும் வரலாம். 2014-இல் அரசு கிளினிக்குகளுக்கு வந்த இம்பிளான்ட் 3 வருடம் தாங்கும், ஆனால் அதிலும் இதே திட்டுத் திட்டான கசிவு உண்டு. காசநோய்க்கு ரிஃபாம்பிசின் என்ற மருந்து எடுப்பவர்களுக்கு இம்பிளான்டும் மாத்திரையும் பலமிழக்கும், டெப்போ அப்படியில்லை.

அடுத்த பிள்ளை சீக்கிரம் வேண்டுமென்றால் இதையும் யோசியுங்கள்: டெப்போவை விட்டவர்களில் பாதிப்பேர் கர்ப்பமாக, கடைசி ஊசியிலிருந்து சுமார் 10 மாதம் ஆகிறது. நூர் இஸ்டரேட்டில் தாமதம் குறைவு.

காவடிக்கும் புரட்டாசி விரதத்துக்கும் தீட்டு வராமல் தள்ளிப்போட பிரிமோலூட் என்ற ஹார்மோன் மாத்திரை கேட்பவர்கள் நிறைய. வழக்கமான மாதவிலக்கு உள்ளவர்களுக்கு, எதிர்பார்க்கும் நாளுக்கு 3 நாள் முன்பிருந்து 5 மில்லிகிராம், நாளைக்கு 3 வேளை. அது கருத்தடை அல்ல, இங்கே டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்கவும் முடியாது. அந்த அளவில் அதில் ஒரு பகுதி உடம்பில் ஈஸ்ட்ரோஜனாக மாறுகிறது, அதனால் முன்பு காலில் ரத்தம் உறைந்தவர்கள் அதைத் தொடக்கூடாது. ஊசியால் கசிகிற உங்களுக்கோ தள்ளிப்போட ஒரு நாளே இல்லை; சிஸ்டரிடம் கேட்காமல் அதை இதன்மேல் போடாதீர்கள்.