10-க்கு எத்தனை?

அன்புள்ள அண்ணனுக்கு,

சின்ன வயதில் உங்கள் காலில் எலும்பு நீட்டும் அறுவை சிகிச்சை நடந்ததாக ஒரு கட்டுரையில் ஒரே ஒரு வரி எழுதியிருந்தீர்கள். அந்த வரிக்காகத்தான் இந்தக் கடிதம். எனக்கு 24 வயது. உயரம் 162 செ.மீ. தேசிய சேவையில் இரண்டு வருடம் என்னை என்னென்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள் என்று எழுத விரும்பவில்லை. இப்போது யாரும் கேலி செய்வதில்லை, ஆனால் எனக்குள் அது ஓடிக்கொண்டே இருக்கிறது. வெளிநாட்டில் ஒரு மருத்துவமனையில் விசாரித்துவிட்டேன். இரண்டு தொடை எலும்பிலும் 7.5 செ.மீ. நீட்டுவார்களாம். தங்குமிடம், பிசியோ எல்லாம் சேர்த்து மூன்று மாதத் தொகுப்பு. பணம் சேர்த்தாயிற்று. வீட்டில் சொல்லவில்லை. அம்மாவிடம் வேலைப் பயிற்சிக்குப் போவதாகச் சொல்லிக்கொள்ளலாம் என்றிருக்கிறேன். விசாரித்த இடத்தில் "கொஞ்சம் அசௌகரியம் இருக்கும்" என்கிறார்கள். நீங்கள் உண்மையைச் சொல்லுங்கள். எவ்வளவு வலிக்கும்? 10-க்கு எத்தனை?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)
உட்லண்ட்ஸ்

அன்புள்ள தம்பி,

10-க்கு எத்தனை என்று 1995 இல் ஒரு தாதி என்னிடம் கேட்பார். பரிசோதனைக்குப் போகும்போதெல்லாம், பகல் 11 மணி வாக்கில். 4 என்பேன். எழுதிக்கொண்டு போய்விடுவார். இரவு 2 மணிக்குக் கேட்டிருந்தால் வேறு எண் சொல்லியிருப்பேன்.

என்னுடையது உயரத்துக்காகச் செய்தது இல்லை. 11 வயதில் ஒரு விபத்தில் வலது முழங்காலுக்குக் கீழே எலும்பு வளரும் இடமே நசுங்கிவிட்டது. இடது கால் பாட்டுக்கு வளர, வலது கால் பின்தங்கி, 17 வயதில் வித்தியாசம் 5 செ.மீ. ஆகியிருந்தது. ஒரு சப்பாத்துக்கு மட்டும் அடியில் கட்டை வைத்துத் தைத்துப் பள்ளிக்குப் போனேன். ஆகவே என் அவசியம் வேறு, உங்களுடையது வேறு. இழுபடுகிற சதை ஒன்றுதான்.

எல்லாரும் கத்தியை நினைத்துத்தான் பயப்படுகிறார்கள். எலும்பை வெட்டுவது மயக்கத்தில் நடக்கிறது. விழித்ததும் வலிக்கும், மருந்து கொடுப்பார்கள், ஒரு வாரத்தில் ஓரளவு அடங்கும். அவ்வளவுதானா என்றுகூட நினைத்தேன். எட்டாம் நாள்தான் உண்மையில் சிகிச்சையே தொடங்கியது.

இந்த முறையைக் கொண்டுவந்தவர் கவ்ரீல் இலிசரோவ். 1950களில் சைபீரியாவின் குர்கன் பகுதியில் உடைந்த கால்களோடு போராடிக்கொண்டிருந்த மருத்துவர். காலைச் சுற்றி உலோக வளையங்கள், அவற்றிலிருந்து எலும்பின் ஊடாக இழுத்துக் கட்டிய மெல்லிய கம்பிகள். வெட்டிய எலும்பை மெதுவாக விலக்கினால் இடைவெளியில் புது எலும்பு ஊறி வரும். மெதுவாக என்றால் ஒரு நாளைக்கு 1 மி.மீ., அதையும் நான்காகப் பிரித்து. அவசரப்பட்டால் எலும்பு சரியாக ஊறாது, நரம்பு தாங்காது. தாமதித்தால் இடைவெளி சீக்கிரமே கெட்டிப்பட்டு மறுபடி வெட்ட வேண்டிவரும். அதனால், இன்றைக்கு ரொம்ப வலிக்கிறது, இரண்டு நாள் கழித்துப் பார்க்கலாம் என்று நாமாக நிறுத்த முடியாது.

எனக்குத் தைரியம் சொல்ல, என் மருத்துவர் சோவியத் வீரர் வலேரி புரூமெலின் கதையைச் சொன்னார். 1964 ஒலிம்பிக்கில் உயரம் தாண்டுதலில் தங்கம் வென்றவர். அடுத்த வருடம் மோட்டார்சைக்கிள் விபத்தில் கால் சிதைந்து, ஏகப்பட்ட அறுவை சிகிச்சைகளுக்குப் பிறகு இலிசரோவிடம் போய்க் குணமாகி, மறுபடி 2 மீட்டருக்கு மேல் தாண்டினார். எனக்கு எதையும் தாண்ட வேண்டியிருக்கவில்லை. தூங்கினால் போதும் என்றிருந்தது.

காலை 6, பகல் 12, மாலை 6, இரவு 12. வேலை அம்மாவுக்கு. ஸ்பேனரை வைத்து, வளையங்களை இணைக்கும் ஒவ்வொரு தண்டிலும் நட்டைக் கால் சுற்று திருப்ப வேண்டும். குழம்பாமலிருக்க நட்டின் ஒரு முகத்தில் சிவப்பு நகப்பூச்சு வைத்தார். தினசரி நாட்காட்டித் தாளில் நாளுக்கு நான்கு கோடு. திருப்பும்போது வலிக்காது. இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. அரை மணி, ஒரு மணி கழித்துத்தான் ஆடுசதை கெட்டியாகத் தொடங்கும். தூக்கத்தில் சில சமயம் கெண்டைக்கால் இழுத்துக்கொள்ளுமே, எழுந்து உதறினால் விட்டுவிடும், அந்த இழுப்பு விடாமல் விடியும்வரை நின்றால் எப்படியிருக்கும்? உதறவும் முடியாது, புரண்டு படுக்கவும் முடியாது. எலும்பு சொன்னபடி கேட்கிறது தம்பி. தசையும் நரம்பும்தான் கேட்பதில்லை.

2 செ.மீ. வரை சமாளித்தேன். 3-ஐத் தாண்டியதும் குதிகால் நாண் நீள மறுத்து, பாதம் கீழ்நோக்கித் திரும்ப ஆரம்பித்தது. பாதத்துக்குப் பட்டை கட்டி, ரப்பரால் மேல்நோக்கி இழுத்து வளையத்தில் மாட்டினார்கள். அதே பாதத்தை பிசியோ கையால் மேலே தள்ளுவார். அந்த அரை மணி நேரத்துக்கு வேண்டுமானால் 9 போட்டுக்கொள்ளுங்கள். ஒரு கட்டத்தில் பாதத்தின் மேல்பக்கம் மரத்துப்போனது. நரம்பு இழுபடுகிறது என்று மருத்துவர், பத்து நாளைக்கு மட்டும், தினமும் நான்கு தடவை என்பதை மூன்றாகக் குறைத்தார். பகல் 12 மணிச் சுற்று கிடையாது! அந்த வருடம் நான் அவ்வளவு சந்தோஷப்பட்ட வேறு நாள் நினைவில் இல்லை.

இரவு 12 மணிச் சுற்றுக்கு அம்மா விளக்குப் போடாமல் டார்ச்சோடு வருவார். நான் தூங்குவதாக நடிப்பேன். நடிக்கிறேன் என்பது அவருக்குத் தெரியும் என்று பல வருடம் கழித்துத்தான் சொன்னார்.

கம்பி நுழையும் துளைகள் தனிக்கதை. நம் ஊர் வியர்வைக்கு அவை எப்போது வேண்டுமானாலும் சிவக்கும். கொதித்து ஆறிய உப்புநீரில் பஞ்சை நனைத்து ஒவ்வொன்றாகத் துடைக்க வேண்டும். இரண்டு தடவை சீழ் பிடித்து மாத்திரை சாப்பிட்டேன். கால்சட்டை நுழையாது, அப்பாவின் கைலிதான். பக்கத்து வீட்டுப் பாட்டி பார்த்துவிட்டு "காலுக்குக் காவடி போட்டிருக்கான்" என்றார். தைப்பூசத்தில் பெருமாள் கோயிலிலிருந்து அலகுக் காவடி எடுக்கிறவர்கள் டேங்க் ரோடு முருகன் கோயிலுக்குப் போனதும் இறக்கிவிடுவார்கள். என் காவடி எட்டு மாதம். அதில் இழுத்தது இரண்டு மாதம்தான். மீதி ஆறு மாதம், ஊறிய எலும்பு கெட்டியாகட்டும் என்று காத்திருந்தது.

நாங்கள் இருந்தது ஏழாவது மாடி. அந்தக் காலத்து வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) புளோக்குகள் பலவற்றில் மின்தூக்கி எல்லா மாடியிலும் நிற்காது. எங்களுடையது 1, 5, 9. ஐந்தில் இறங்கி இரண்டு மாடி ஏறலாம், அல்லது ஒன்பதில் இறங்கி இரண்டு மாடி இறங்கலாம். கூண்டுக் காலை முன்னால் நீட்டி, படிப்படியாக உட்கார்ந்தே இறங்குவேன். பின்னால் ஊன்றுகோலோடு அம்மா.

இப்போது கூண்டு இல்லாமலே செய்கிறார்கள் என்பீர்கள். சரிதான். எலும்புக்குள் வைக்கும் ஆணி, வெளியே தொடையில் ஒரு காந்தக் கருவியைச் சில நிமிடம் வைத்தால் உள்ளே நீளும். 2011 இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்த ஆணி இன்று பல நாடுகளில் இருக்கிறது. துளை இல்லை, சீழ் இல்லை, தழும்பு குறைவு. பெரிய முன்னேற்றம்தான். ஆனால் இழுப்பது உள்ளிருந்தா வெளியிலிருந்தா என்று சதைக்குத் தெரியாது. தொடையில் நீட்டினால் முழங்கால் மடங்க அடம்பிடிக்கும். அப்புறம் வலி மருந்து. வீக்கம் குறைக்கும் வகை மருந்துகள் எலும்பு ஊறுவதைத் தாமதப்படுத்தலாம் என்று பல மருத்துவர்கள் தவிர்ப்பார்கள். மிஞ்சுகிற பலமான மாத்திரைகள் வலியோடு சேர்த்துக் குடலையும் கட்டிவிடும். விளம்பரத்தில் இதெல்லாம் வராது.

இப்போது உங்கள் தொகுப்புக்கு வருவோம். 7.5 செ.மீ. என்றால் 75 நாள் இழுப்பு. முன்னால் ஒரு வாரக் காத்திருப்பு. மூன்று மாதம் அதிலேயே முடிந்துவிட்டது. எலும்பு கெட்டியாக, இழுத்த காலத்தைப்போல் இரு மடங்கு ஆவது சாதாரணம். அது தொகுப்பில் இல்லை. அதாவது அவர்கள் உங்களை விமானம் ஏற்றிவிடும் நாளில் இரண்டு தொடையிலும் இன்னும் முழுசாக எலும்பு இருக்காது. எனக்கு ஊன்ற இடது கால் இருந்தது. உங்களுக்கு எது? டைட்டேனிய ஆணி முழுப் பாரத்தையும் தாங்காது. சாங்கி விமான நிலையத்தில் சக்கர நாற்காலியில் இறங்கி, பயிற்சி நன்றாகப் போனது என்று அம்மாவிடம் சொல்வீர்களா?

செய்யாதீர்கள் என்று நான் சொல்லப்போவதில்லை. உங்கள் உயரத்தோடு நான் ஒரு நாளும் வாழ்ந்ததில்லை. பலருக்குக் கால் கெட்டுப்போன பிறகு சீனாவில் அழகுக்காக இதைச் செய்வதை 2006 இல் தடை செய்தார்கள் என்பதையும், 5 செ.மீ. நீட்டிய எனக்கு இன்றைக்கும் குந்தினால் வலது குதிகால் தரையில் படாது என்பதையும் மட்டும் சொல்லிவைக்கிறேன். போவதென்றால், நான்காவது மாதத்திலிருந்து யார் பார்த்துக்கொள்வார்கள், இங்கே எந்த மருத்துவர் எக்ஸ்ரே பார்ப்பார், ஏதாவது கோணினால் யார் திரும்ப அறுப்பார்கள் என்பதை எழுத்தில் வாங்குங்கள். அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.

உங்கள் கடிதத்தை என் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டார். நகப்பூச்சு பற்றியோ நாட்காட்டி பற்றியோ ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். "அந்தப் பையன் வீட்டுல லிஃப்ட் அவங்க மாடியிலயே நிக்குதா, கேட்டியா?" என்றார்.