வடகோடி நார்வேயின் மீட்பு ஹெலிகாப்டர்கள்: கேள்வி பதில்

நார்வே விமானப்படையின் 330ஆவது படையணி 1973 முதல் 2023 வரை பறக்கவிட்ட சீ கிங் மீட்பு ஹெலிகாப்டர்களைப் பற்றி உறுப்பினர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே விடையளிக்கிறேன். நான் நெருக்கமாகப் படித்திருப்பது ஆர்க்டிக் வட்டத்துக்கு வடக்கே உள்ள பூதோ, பனாக் ஆகிய இரு தளங்களின் பணியை. அவற்றைப் பற்றிய கேள்விகளுக்கு விரிவாகவும் மற்றவற்றுக்குச் சுருக்கமாகவும் எழுதுகிறேன்.

கேள்வி: சீ கிங் வருவதற்கு முன் இந்தப் படையணி என்ன செய்துகொண்டிருந்தது?

330ஆவது படையணி 1941இல் ஐஸ்லாந்தின் ரெய்க்யாவிக்கில் தொடங்கப்பட்டது. நாடு ஜெர்மனியின் பிடியில் இருந்த காலத்தில், நார்வே விமானிகள் அங்கிருந்து நார்த்ராப் மிதவை விமானங்களில் வட அட்லாண்டிக் கப்பல் தொடர்களுக்குக் காவலாகப் பறந்தார்கள். 1960களில் இதே படையணி அல்பட்ரஸ் என்னும் நீரிலும் நிலத்திலும் இறங்கும் விமானங்களை ஓட்டியது. கொந்தளிக்கும் கடலில் விமானத்தை இறக்கி ஆளை ஏற்றுவது எவ்வளவு அரிது என்பதை மீனவர் குடும்பங்கள் அறிந்திருந்தன. 1970களின் தொடக்கத்தில் பிரிட்டனின் வெஸ்ட்லாண்ட் நிறுவனத்திடம் பத்து சீ கிங்குகள் வாங்கப்பட்டு, வடக்கே பனாக், பூதோ, நடுவே ஓர்லாண்ட், தெற்கே சூலா எனக் கடற்கரை நெடுகப் பகிர்ந்து நிறுத்தப்பட்டன. பின்னர் மேலும் சில வாங்கப்பட்டன. தெற்கே ரிக்கே, ஃப்ளோரோ தளங்களும் சேர்ந்தன.

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. ஹெலிகாப்டர்களின் உரிமை நீதித்துறை அமைச்சகத்துடையது. அவற்றை ஓட்டும் பொறுப்பு மட்டுமே விமானப்படையுடையது. எந்த அழைப்புக்கு எந்த ஹெலிகாப்டர் புறப்பட வேண்டும் என்பதைப் பூதோவிலும் சூலாவிலும் உள்ள கூட்டு மீட்பு ஒருங்கிணைப்பு மையங்களே முடிவு செய்கின்றன. சீருடை இராணுவத்துடையது என்றாலும் அன்றாடப் பணி முழுவதும் குடிமக்களுக்கானது.

கேள்வி: சீ கிங்கின் அதிகபட்ச வேகம் என்ன?

நீண்ட பயணத்தில் மணிக்கு ஏறத்தாழ 200 கிலோமீட்டர் என்று கொள்ளலாம். ஆனால் வேகத்தை மட்டும் வைத்து மீட்புத் தூரத்தைக் கணக்கிடாதீர்கள். சென்றடைய எரிபொருள் வேண்டும், அங்கே அந்தரத்தில் நின்று ஆள்களைத் தூக்க எரிபொருள் வேண்டும், எதிர்காற்றில் திரும்பி வரவும் வேண்டும்.

கேள்வி: அப்பா நார்வேயின் வடகோடி மாவட்டமான பின்மார்க்கில் மீன் ஆலையில் வேலை செய்தவர். நாங்கள் சிறுபிள்ளைகளாக இருந்தபோது, கடலில் விபத்து ஒன்றும் இல்லாத நாள்களிலும் சீ கிங் ஊருக்கு வந்து நோயாளிகளை ஏற்றிச் சென்றதைப் பார்த்திருக்கிறேன். போர்க்கப்பல்களுக்கான இயந்திரம் ஏன் ஆம்புலன்ஸ் வேலை செய்தது?

நீங்கள் பார்த்தது பனாக் தளத்தின் அன்றாட வாழ்க்கையைத்தான், அம்மா. பின்மார்க்கில் மக்கள்தொகை மிகக் குறைவு. மருத்துவமனைகள் ஹம்மர்ஃபெஸ்டிலும் கிர்க்கெனெஸிலும் உள்ளன. பெரிய அறுவைச் சிகிச்சைக்கு டிரோம்சோ செல்ல வேண்டும். குளிர்காலப் பனிப்புயலில் மலைச்சாலைகள் மூடப்படும். சிறிய ஆம்புலன்ஸ் விமானம் இறங்க முடியாத வானிலையில், பனாக்கிலிருந்து வரும் சீ கிங் ஊர்த்திடலிலோ துறைமுகத் தளத்திலோ இறங்கிவிடும். பிரசவ வலியில் துடிக்கும் பெண்ணும், நெஞ்சுவலி கண்ட முதியவரும், பேரண்ட்ஸ் கடலில் கை நசுங்கிய மாலுமியும் அதே வண்டியில்தான் சென்றார்கள்.

அதற்கு ஏற்றபடியே குழுவும் அமைந்தது. இரண்டு விமானிகள், ரேடாரையும் தேடுதலையும் கவனிக்கும் ஒருவர், கம்பியை ஏற்றியிறக்கும் விஞ்ச் இயந்திரத்தை இயக்கும் மெக்கானிக், கம்பியில் இறங்கும் மீட்பாளர் ஆகிய ஐவருடன் ஆறாவதாக மயக்கவியல் மருத்துவர் ஒருவர் எப்போதும் உடன் செல்வார். பல நாடுகளின் இராணுவ மீட்பு ஹெலிகாப்டர்களில் பயிற்சி பெற்ற மருத்துவ உதவியாளர்தான் இருப்பார். மருத்துவரையே ஏற்றிச் சென்றதுதான் நார்வே ஏற்பாட்டின் மிகச் சிறந்த முடிவு என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: பனிக்கட்டி படிவது அவ்வளவு பெரிய ஆபத்தா? மழையில் பறக்கும் ஹெலிகாப்டர் பனியில் பறக்காதா?

பனிப்பொழிவு ஒன்று, பனிக்கட்டி படிதல் வேறொன்று. உறைநிலைக்குக் கீழே குளிர்ந்தும் உறையாமல் இருக்கும் மேக நீர்த்துளிகள் மேலே சுழலும் ரோட்டர் இறக்கையில் பட்டதும் கட்டியாகிவிடும். இறக்கையின் வடிவம் கெட்டு, தூக்குவிசை குறைந்து, கட்டி ஒருபுறம் மட்டும் உதிர்ந்தால் கடும் அதிர்வும் உண்டாகும். சீ கிங்கின் ரோட்டர் இறக்கைகளுக்குச் சூடேற்றும் அமைப்பு இல்லை. ஆகவே நேர்வழியாக மலைகளுக்கு மேலே மேகத்துக்குள் ஏறிச் செல்ல முடியாத இரவுகளில், விமானிகள் மேகத்தின் அடியில், கடல்மட்டத்தை ஒட்டி, மலைகளுக்கிடையே நீளும் கடற்கழிகளான ஃபியோர்டுகளின் வளைவுகளைச் சுற்றிச் சென்றார்கள். வரைபடத்தில் குறுகிய தூரமாகத் தெரிவது இப்படித்தான் நீண்டுபோகும். நவம்பர் இறுதி முதல் ஜனவரி நடுப்பகுதி வரை பனாக்கில் சூரியன் உதிப்பதில்லை என்பதையும் இதனுடன் சேர்த்து எண்ணிப் பாருங்கள். பின்னாளில் வெப்பக் காட்சிக் கருவி பொருத்தப்பட்டது தேடுதலுக்குப் பேருதவியாக இருந்தது. ஆனால் இறக்கைப் பனிக்கட்டிச் சிக்கலை அது தீர்க்கவில்லை.

கேள்வி: 1989இல் சோவியத் நீர்மூழ்கி கொம்சொமோலெத்ஸ் மூழ்கியபோது நார்வே ஹெலிகாப்டர்கள் ஏன் போகவில்லை?

அவற்றை யாரும் அழைக்கவில்லை என்பதே அடிப்படைக் காரணம். 1989 ஏப்ரல் 7 அன்று, நார்வேக் கரையிலிருந்து வெகு வடக்கே உள்ள கரடித் தீவுக்குத் தென்மேற்கே ஏறத்தாழ 180 கிலோமீட்டர் தொலைவில் அந்தக் கப்பலின் பின்பகுதியில் தீப்பிடித்தது. கப்பல் மேல்மட்டத்துக்கு வந்து, தீயோடும் நீரோடும் ஏறத்தாழ ஆறு மணி நேரம் போராடிய பின்னரே மூழ்கியது. அதிலிருந்த 69 பேரில் 42 பேர் இறந்தார்கள். தீயில் இறந்தவர்கள் சிலரே. பெரும்பாலோர் உறைநிலையை ஒட்டிய கடல்நீரில், கவிழ்ந்த தெப்பம் ஒன்றைப் பற்றிக்கொண்டும் பற்ற முடியாமலும் குளிரில் இறந்தார்கள். மூழ்கி ஏறத்தாழ 80 நிமிடங்களுக்குப் பிறகு சோவியத் மீன்பிடிக் கப்பல் அலெக்சேய் ஹ்லோபிஸ்டொவ் வந்து 30 பேரை ஏற்றியது. அவர்களில் மூவர் கப்பலிலேயே உயிரிழந்தார்கள்.

இப்போது கணக்கைப் பார்ப்போம். பனாக்கிலிருந்து அந்த இடம் ஏறத்தாழ 570 கிலோமீட்டர். நேரே சென்று திரும்பினால் சீ கிங்கின் எரிபொருள் ஏறத்தாழ முழுவதும் வழியிலேயே தீர்ந்துவிடும். கரடித் தீவில் இறங்கி எரிபொருள் நிரப்பிச் செல்வதே நடைமுறைக்கு ஒத்த வழி. அதற்கு நான்கு முதல் ஐந்து மணி நேரம் ஆகும். தீப்பிடித்த முதல் அரைமணி நேரத்துக்குள் அழைப்பு வந்திருந்தால், கப்பல் மூழ்கும் வேளையையொட்டி ஹெலிகாப்டர் அங்கே இருந்திருக்கக்கூடும். மூன்று மணி நேரம் கழித்து அழைத்திருந்தால், மீன்பிடிக் கப்பலையே முந்தியிருக்காது.

கேள்வி: நீங்கள் வேண்டுமென்றே மிகைப்படுத்துகிறீர்கள். சீ கிங்கின் பறப்பெல்லை 1,200 கிலோமீட்டர் என்று எல்லா இடத்திலும் உள்ளது. 570ஐ இரண்டால் பெருக்கினால் 1,140. நேராகவே போய்வந்திருக்கலாம்.

மீதம் 60 கிலோமீட்டர், அதாவது இருபது நிமிடத்துக்கும் குறைவான பறத்தல். அந்தரத்தில் நின்று ஒருவரைத் தூக்கவே சில நிமிடங்கள் ஆகும். அப்போது எஞ்சின் நேராகப் பறக்கும்போது குடிப்பதைவிட அதிகம் குடிக்கும். காற்று சற்றே மாறினாலும் ஹெலிகாப்டர் கடலில் விழும். பிறகு அதன் ஆறு பேரையும் யார் மீட்பது? வேகத்தையும் எல்லையையும் மட்டும் வைத்துக் கணக்கிட வேண்டாம் என்று மேலே சொன்னதன் பொருள் இதுவே.

கேள்வி: அணுசக்தியில் ஓடிய, அணு ஆயுதம் தாங்கிய கப்பலை நோக்கி நேட்டோ நாட்டின் ஹெலிகாப்டரை எந்த சோவியத் தளபதி அழைத்திருப்பார்? உங்கள் கணக்கே நடைமுறைக்கு ஒவ்வாதது.

அந்தக் கப்பலில் அணு ஆயுதம் பொருத்திய டார்ப்பிடோக்கள் இரண்டு இருந்தன என்பது உண்மை. ஆனால் மீட்புக் குழு கப்பலுக்குள் இறங்க வேண்டியதே இல்லை. மேல்தளத்தில் நிற்பவரையும் நீரில் மிதப்பவரையும் தூக்குவதில் எந்த இரகசியமும் வெளியாகாது. இரகசியத்தின் பெயரால் அழைப்பைத் தவிர்த்த முடிவு 42 குடும்பங்களின் வீட்டு வாசலில் போய் நின்றது. அதை நடைமுறை அறிவு என்று என்னால் ஏற்க இயலாது.

இன்னொன்று. 1995இல் நார்வேயும் ரஷ்யாவும் பேரண்ட்ஸ் கடல் மீட்புக்கென ஒப்பந்தம் செய்துகொண்டன. 2011இல் கிரீன்லாந்தின் நூக் நகரில் ஆர்க்டிக் மன்றத்தின் எட்டு நாடுகளும் தேடல் மீட்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. பனாக் குழுவினர் ரஷ்ய மீனவர்களைக் கம்பியில் தூக்கி நார்வே மருத்துவமனைகளில் சேர்த்தார்கள். அழைப்பு வந்த இடங்களில் நாட்டெல்லை தடையாக இருக்கவில்லை.

கேள்வி: ஹெலிகாப்டர் வந்திருந்தாலும், கப்பலைக் காப்பாற்ற முயன்ற தளபதி ஆள்களை அனுப்பியிருப்பாரா?

இந்த விவாதத்தில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. அந்த நீர்மூழ்கியின் தளபதி எவ்கெனி வானின் என்பவர் கடைசிவரை கப்பலை மீட்கப் போராடினார். அவரும் உயிருடன் திரும்பவில்லை. தலைக்குமேலே ஹெலிகாப்டர் நின்றிருந்தால், காயமுற்றவர்களையும் புகையால் பாதிக்கப்பட்டவர்களையுமாவது முதலில் அனுப்பியிருப்பார் என்று கருதுகிறேன். மூழ்கிய பிறகு நிலைமை வேறு. ஒரு சீ கிங்கில் பதினைந்து பேருக்கு மேல் நெருக்கி ஏற்றலாம். குளிரில் விறைத்தவரை நிமிர்ந்த நிலையில் தூக்கினால் இரத்த அழுத்தம் திடீரெனச் சரிந்து இதயம் நிற்கக்கூடும். எனவே மார்பிலும் முழங்காலின் அடியிலும் இரட்டைப் பட்டை கொடுத்துப் படுக்கைவாட்டில் தூக்குவார்கள். அதற்குப் பிறகு மருத்துவர் கையில் ஒப்படைப்பார்கள். ஏற்றப்பட்ட பின் இறந்த அந்த மூவரை எண்ணும்போது, இந்த ஏற்பாட்டின் மதிப்பு எனக்கு இன்னும் கனமாகத் தெரிகிறது.

இதற்கு மேல் இந்த நீர்மூழ்கி பற்றிய கேள்விகளை இங்கே எடுத்துக்கொள்ள மாட்டேன். மற்றவர்களின் கேள்விகள் காத்திருக்கின்றன.

கேள்வி: சீ கிங்குக்குப் பதிலாக வந்த புதிய எஸ்ஏஆர் குயீன் ஹெலிகாப்டர் எவ்வளவு வேகமாகப் பறக்கும்?

மணிக்கு ஏறத்தாழ 270 கிலோமீட்டர். எச்சரிக்கை முன்பு சொன்னதேதான்.

கேள்வி: சீ கிங்கைவிட அது உண்மையில் மேம்பட்டதா, அல்லது புதியது என்பதால் புகழ்கிறார்களா?

மேம்பட்டதே. ஏடபிள்யூ101 வகையைச் சேர்ந்த 16 ஹெலிகாப்டர்களுக்கு 2013இல் ஒப்பந்தமானது. 2020 செப்டம்பரில் சூலாவில் முதன்முதலாகப் பணியேற்றது. இரண்டுக்குப் பதில் மூன்று எஞ்சின்கள், சூடேறும் ரோட்டர் இறக்கைகள், அகலமான உள்ளறை. கரையிலிருந்து 150 கடல் மைல் வரை இரண்டு மணி நேரத்துக்குள் சென்று இருபது பேரை மீட்க வேண்டும் என்பது தேர்வுக்கான தேவையாக இருந்தது. குறையும் உண்டு. அதன் எடைக்கும் அது கீழே தள்ளும் காற்றுக்கும் பல மருத்துவமனைகளின் இறங்குதளங்கள் தாங்கவில்லை. பழைய சீ கிங் இறங்கிய இடத்தில் இது இறங்க முடியாமல் வேறிடத்தில் இறக்கி நோயாளியை வண்டி மாற்ற நேர்ந்தது. ஹெலிகாப்டரை வாங்கும் முன்பே தளங்களைக் கட்டியிருக்க வேண்டும்.

கேள்வி: இந்தியாவில் முக்கியப் பிரமுகர்களுக்காக வாங்க முனைந்து கைவிட்டதும் இதே ஹெலிகாப்டர்தானா?

அதே வகை. அந்த ஒப்பந்த வழக்கு இங்கே பொருளல்ல.

கேள்வி: இந்தியக் கடற்படையின் சீ கிங் பற்றியும் எழுதுவீர்களா?

அது பெரும்பாலும் நீர்மூழ்கி வேட்டைக்கான வகை. இந்தியக் கடற்படை வரலாறு அறிந்த உறுப்பினர்களிடம் கேளுங்கள்.

கேள்வி: சீ கிங்கின் உச்ச வேகம் எவ்வளவு? எஸ்ஏஆர் குயீனோடு ஒப்பிட்டால்?

மேலே இரண்டுமுறை விடையளித்துள்ளேன். அருள்கூர்ந்து முந்தைய விடைகளைப் படித்துவிட்டுக் கேளுங்கள்.

கேள்வி: பிரிட்டன் 2015இல் மீட்புப் பணியைத் தனியாரிடம் கொடுத்துவிட்டது. நார்வே ஏன் இன்னும் இராணுவத்தை வைத்திருக்கிறது?

நார்வே இரண்டையும் வைத்திருக்கிறது. இன்னும் வடக்கே ஸ்வால்பார்டு தீவுக்கூட்டத்தில் ஆளுநரின் கீழ் லாங்யியர்பியனிலிருந்து பறப்பவை ஒப்பந்த நிறுவனத்தின் ஹெலிகாப்டர்கள். 2018 டிசம்பர் இறுதியில், ஹின்லோப்பன் நீரிணையில் நார்த்கைடர் என்ற மீன்பிடிக் கப்பல் பாறையில் தட்டியபோது, துருவ இருட்டில் அதன் 14 பேரையும் மீட்டவர்கள் அவர்களே. 2019 மார்ச்சில் எஞ்சின் நின்றுபோன வைக்கிங் ஸ்கை பயணக் கப்பலிலிருந்து 479 பேரைத் தூக்கியதிலும் விமானப்படையும் எண்ணெய்த் துறையின் குடிமை ஹெலிகாப்டர்களும் மாறிமாறி வேலை செய்தன. அழைப்பு வந்து 15 நிமிடங்களுக்குள் புறப்படும் ஆயத்தமும், மருத்துவரும், வடக்கின் வானிலையில் ஆண்டுக்கணக்கில் பறந்த குழுவும் இருந்தால், சட்டையின் நிறம் எதுவாக இருந்தாலும் எனக்கு மறுப்பில்லை. செலவைக் குறைக்கும் பெயரில் இந்த மூன்றில் ஒன்றைக் குறைத்தால், அதை எந்த அமைச்சகம் செய்தாலும் எதிர்ப்பேன்.